கால் வலியும் ஸ்கேன் அறிக்கையும்: சயாட்டிகா நோயாளிகளுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘டிஸ்க் விலகலுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமல் நிரந்தரத் தீர்வு’, ‘ஒரே ஊசியில் சயாட்டிகாவிலிருந்து விடுதலை’ என்ற வகை விளம்பரங்களை நாளிதழ்களில் இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. நாமக்கல் மாவட்டத்தில் நெடுங்காலம் இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரிந்தவன் என்ற முறையில், அந்த விளம்பரங்களைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரும் நோயாளிகளை நான் நன்றாக அறிவேன். லாரி ஓட்டுநர்கள், திருச்செங்கோட்டிலிருந்து வடமாநிலங்களுக்குப் போய்வரும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலாளர்கள், கோழிப்பண்ணையில் தீவன மூட்டை சுமப்பவர்கள், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறியடியில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்கள் ஆகியோரே அவர்களில் பெரும்பாலோர். இடுப்பிலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுக்கும் அந்த வலியை விடவும், அதைப் பற்றி அவர்களிடம் சொல்லப்படாமல் விடப்பட்ட செய்திகளே அவர்களுக்கு அதிகத் துன்பம் தருகின்றன என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் சற்று விரிவாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இடுப்பில் வரும் வலி எல்லாம் சயாட்டிகா ஆகாது. உடலிலுள்ள நரம்புகளில் மிகத் தடிமனானதும் நீளமானதும் சயாட்டிக் நரம்புதான். கீழ் முதுகிலும் அதற்குக் கீழேயுள்ள திருவெலும்பிலும் வெளிவரும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து உருவாகும் இந்த நரம்பு, பிட்டத்தின் ஆழத்தில் புகுந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை செல்கிறது. அதன் வேர்களில் ஒன்று முதுகெலும்பின் அருகே அழுத்தப்படும்போதோ அழற்சியுறும்போதோ, தொந்தரவு முதுகில் இருந்தாலும் வலி காலில் தெரிகிறது. இதுவே சயாட்டிகா. எந்த வேர் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை அனுபவமுள்ள மருத்துவர் நோயாளியின் விரல் ஓடும் தடத்தைப் பார்த்தே பெரும்பாலும் ஊகித்துவிடுவார். எல் 5 (கீழ் முதுகின் ஐந்தாவது நரம்பு) வேர் என்றால் கெண்டைக்காலின் வெளிப்புறமாக இறங்கிப் புறங்காலைக் கடந்து கட்டைவிரல் வரை வலியும் மரமரப்பும் போகும். கட்டைவிரலை மேலே தூக்குவது கடினமாகும். குதிகாலால் நடக்க முடியாது. எஸ் 1 (திருவெலும்பின் முதல் நரம்பு) வேர் என்றால் வலி கெண்டைக்காலின் பின்புறமாகப் போய் உள்ளங்கால், சுண்டுவிரல் பக்கம் முடியும். ஒற்றைக் காலில் நுனிவிரலால் எழும்பி நிற்க முடியாது. குதிகாலின் பின்னுள்ள தசைநாணைச் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளாது. மல்லாந்து படுத்திருப்பவரின் காலை முழங்கால் மடங்காமல் மெல்ல உயர்த்தும்போது, 30 பாகையிலிருந்து 70 பாகைக்குள் அதே வலி முழங்காலுக்குக் கீழே மின்னினால் நரம்பு வேர் நெருக்கப்படுகிறது என்ற ஐயம் வலுப்படும். இந்தச் சோதனைகளுக்கு ஒரு கட்டிலும் ஒரு சுத்தியலும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதப்படும் வழக்கம்தான் இன்று பெருகியிருக்கிறது.

இதன் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. 1934ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) கிழிந்து வெளியே பிதுங்கி நரம்பை அழுத்துவதே பல நோயாளிகளின் கால் வலிக்குக் காரணம் என்று எழுதிய கட்டுரை, மருத்துவ உலகின் பார்வையையே மாற்றியது. அவர்கள் கண்டது உண்மைதான். சயாட்டிகாவின் காரணங்களில் வட்டுப் பிதுக்கமே முதலிடம் வகிக்கிறது; அதுவும் பெரும்பாலும் எல் 4 – எல் 5, எல் 5 – எஸ் 1 என்னும் கடைசி இரண்டு மட்டங்களில்தான் நேர்கிறது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ‘பிதுங்கியிருந்தால் வலிக்கும், வலித்தால் அதை எடுத்தாக வேண்டும்’ என்ற எளிய சமன்பாடு பிறந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. கருவி பரவலானபோது அந்தச் சமன்பாடு உடைந்தது. வலியே இல்லாத 98 பேரின் முதுகைப் படமெடுத்து 1994இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு மட்டத்தில் வட்டு வீங்கியிருந்தது. வலியற்ற 3,110 பேர் தொடர்பான ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையின்படி, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 50 வயதினரில் 80 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் படத்தில் தெரிகிறது. வட்டு வீக்கம் மட்டுமே 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்குக் காணப்படுகிறது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மீண்டும் நினைவூட்ட விரும்புகிறேன். நரை, சுருக்கம் போல வயதோடு வரும் மாற்றங்களும் ‘டீஜெனரேடிவ்’, ‘பல்ஜ்’, ‘கம்ப்ரெஷன்’ என்ற சொற்களில் ஒரே காகிதத்தில் அச்சாகி வரும்போது, அதை வாசிக்கும் ஓட்டுநருக்குத் தன் முதுகெலும்பே இற்றுப்போய்விட்டதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஒருமுறை அத்தகைய ஓர் ஓட்டுநர், ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கப் பிட்டத்தில் மட்டும் பாரத்தை ஊன்றிச் சாய்ந்தபடி என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி கேட்ட முதல் கேள்வி, “ஆபரேசன் பண்ணலைன்னா கால் வெளங்காமப் போயிருமாங்க?” என்பதுதான். அவருக்கு வலி தொடங்கி மூன்று வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. பாதத்தில் வலு இருந்தது, கட்டைவிரலைத் தூக்கினார், குதிகாலாலும் நுனிவிரலாலும் நடந்தார், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இல்லை. ஆனால் அறிக்கையில் ‘பெரிய பிதுக்கம்’ என்று இருந்ததால், வண்டியை விற்றுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிட்டது. சில வாரங்களில் அவருடைய கால் வலி மேலேறத் தொடங்கியது. “கால்ல தேவலைங்க, ஆனா இடுப்புலதான் முன்னைக்கு இப்ப ஜாஸ்தியா இருக்குதுங்க” என்று கவலையோடு சொன்னார். பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், பின்பு இடுப்புக்கும் ஏறிச் சுருங்குவது குணமடைவதன் நல்ல அடையாளம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், இடுப்பு வலி கூடிவிட்டது என்ற அச்சத்தில் நோயாளி சரியாகப் போய்க்கொண்டிருக்கும் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு வேறிடம் தேடிப் போய்விடுவார். வலி எந்த இடம் வரை போகிறது என்பதை நாள்தோறும் கவனித்துவரச் சொல்வது நான் எந்நாளும் கடைப்பிடித்த வழக்கம். வலி எவ்வளவு கடுமை என்பதைக் காட்டிலும் அது எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதே பலநேரம் அதிகம் சொல்லும்.

வெளியே பிதுங்கிய வட்டு தானாகவே சுருங்கும் என்றால் நோயாளிகள் நம்ப மறுக்கிறார்கள். சதையில் தைத்த முள்ளைச் சுற்றி உடல் தன் காவல் செல்களை அனுப்புவதைப் போலவே, வட்டின் உள்ளிருக்கும் கூழ் வெளியே வந்துவிட்டால் அதையும் அந்நியப் பொருளாகக் கருதி, விழுங்கும் செல்கள் அதைச் சூழ்ந்து கரைக்கின்றன. இதில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. சற்றே வீங்கிய வட்டைவிட, முழுவதும் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பெரிய துண்டுதான் கரைந்துபோகும் வாய்ப்பு அதிகம். 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், தனித்துண்டாகப் பிரிந்துவிட்ட பிதுக்கங்களில் 96 விழுக்காடும், வெளியே தள்ளிய பிதுக்கங்களில் 70 விழுக்காடும் தாமாகச் சுருங்கியிருந்தன. வெறும் வீக்கத்தில் அது 13 விழுக்காடுதான். ஆக, அறிக்கையில் மிகவும் அச்சுறுத்தும் சொல்லாகத் தெரிவதே, காலப்போக்கில் பெரும்பாலும் தானாகச் சரியாகும் ஒன்றாக இருக்கலாம். வலிக்கும் அழுத்தம் மட்டுமே காரணம் அல்ல. வட்டின் கூழிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் நரம்பு வேரில் அழற்சியை உண்டாக்குகின்றன என்பதை 1990களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிறிய பிதுக்கம் உள்ளவர் துடிப்பதும், பெரிய பிதுக்கம் உள்ளவர் நடமாடுவதும் இதனால்தான். அழற்சி தணியும்போது, படத்தில் பிதுக்கம் அப்படியே இருந்தாலும் வலி குறைந்துவிடுகிறது.

எனவே, ஆபத்து அறிகுறிகள் இல்லாத சயாட்டிகாவுக்கு முதல் ஆறு வாரங்கள் பொறுத்திருப்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட வழி. பொறுத்திருப்பது என்றால் படுத்தே கிடப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. நெதர்லாந்தில் 183 நோயாளிகளிடம் நடத்தி 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், இரண்டு வாரம் படுக்கையில் இருந்தவர்களும் இயன்றவரை நடமாடியவர்களும் பன்னிரண்டாவது வாரத்தில் ஒரே அளவில், அதாவது 87 விழுக்காட்டினர், முன்னேறியிருந்தார்கள். வலி கடுமையாக உள்ள ஓரிரு நாள்கள் படுக்கலாம். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொண்டால் பலருக்கு இதமாக இருக்கும். அதன் பிறகு சிறு சிறு நடையாக எழுந்து நடமாட வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்காருவதையும், குந்தி உட்கார்ந்து மலங்கழிப்பதையும், குனிந்து குடம் தூக்குவதையும் சில வாரங்களுக்குத் தவிர்க்க வேண்டும். நாற்காலியில் துளையிட்டு அமைத்த கழிப்பறை இருக்கை ஒன்றை வாங்குவது, பல மாத்திரைகளைவிட நல்ல செலவு. ஓட்டுநர்களுக்கு நான் கூறுவது, தொடர்ந்து உட்காருவதுதான் வட்டுக்குப் பாரம் என்பதால், இருக்கையை நிமிர்த்தி, இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டை வைத்து, இடையிடையே வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும் என்பதே. புகைபிடிப்பதை நிறுத்தச் சொல்லும்போது பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் புகைப்பழக்கம் சயாட்டிகாவின் அபாயக் காரணிகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை. இடுப்பு பெல்ட்டை நெடும்பயணத்தின்போது கட்டிக்கொள்ளலாம், ஆனால் அது எதையும் குணப்படுத்தாது. எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனுக்காக மருத்துவமனையில் நாள்கணக்கில் படுக்க வேண்டியதில்லை. அதனால் பலன் உண்டு என்பதற்குத் தக்க சான்று இல்லை. தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதால் தீங்கில்லை, இதமும் உண்டு. ஆனால் காலால் பிறந்தவரை அழைத்து இடுப்பில் மிதிக்கச் சொல்வதை மட்டும், வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும், ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

உடற்பயிற்சி குறித்து என் துறையைச் சார்ந்தே சற்று நேர்மையாகப் பேச வேண்டும். எந்தப் பயிற்சியும் வட்டை உள்ளே தள்ளி விடுவதில்லை. நாங்கள் செய்வதெல்லாம், உடல் தன்னை ஆற்றிக்கொள்ளும் காலத்தில் நோயாளி அச்சமின்றி அசைவதற்கும், தசைகள் வலுவிழக்காமல் இருப்பதற்கும், மீண்டும் வேலைக்குத் திரும்புவதற்கும் வழிகாட்டுவதுதான். எந்த அசைவில் அவருடைய வலி மேலேறுகிறது என்று கண்டறிந்து, அந்த அசைவையே வீட்டுப் பயிற்சியாகக் கொடுப்போம். பலருக்குக் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்துவது ஒத்துக்கொள்ளும். முதுகுத்தண்டின் குழாய் சுருங்கிய முதியவர்களுக்கு அதுவே ஆகாது. அந்த முதியவர்களை ஒரு கேள்வியிலேயே இனங்காணலாம். சற்றுத் தொலைவு நடப்பதற்குள் கால் மரத்து உட்கார வேண்டியிருப்பவர், சைக்கிளில் மட்டும் நெடுந்தொலைவு மிதித்து வருவார். முன்னே குனியும்போது அந்தக் குழாய் விரிந்து நரம்புக்கு இடம் கிடைப்பதே காரணம். இதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமான பயிற்சியைக் கைப்பேசிக் காணொளியில் பார்த்துத் தாமும் செய்வது சரியாக இருப்பதில்லை.

மாத்திரைகளில் நான் மிகவும் கவலைப்படுவது பிரிகாபலின் பற்றித்தான். நரம்பு வலி என்ற பெயரைக் கேட்டதும், மீதைல்கோபாலமின் வைட்டமினுடன் சேர்த்து அது எழுதப்படுகிறது. மாதக்கணக்கில் மருந்துக் கடைகளில் பழைய சீட்டைக் காட்டி வாங்கியும் விழுங்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா நோயாளிகள் 209 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பிரிகாபலின், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. தலைசுற்றல் முதலிய பக்கவிளைவுகள்தான் கூடின. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2020இல் திருத்திய தன் வழிகாட்டுதலில், சயாட்டிகாவுக்குப் பிரிகாபலின் உள்ளிட்ட கபாபென்டின் வகை மருந்துகளையும், ஸ்டீராய்டு மாத்திரைகளையும், டயசிபாம் வகை மருந்துகளையும் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகக் கூறியிருக்கிறது. இரவில் சரக்கு ஏற்றிய வண்டியோடு மலைப்பாதை இறங்கும் ஓட்டுநருக்கு மயக்கம் தரும் மாத்திரை கொடுக்கப்படுவது அவரோடு மட்டும் முடியும் ஆபத்து அன்று. ஏற்கெனவே பல வாரங்களாக உட்கொள்பவர்கள் இக்கடிதத்தைப் படித்துவிட்டு அதைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்டு அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். டைக்ளோபெனாக் போன்ற அழற்சி நீக்கும் வலி மாத்திரைகள் சிலருக்குச் சிறிதளவு உதவும். ஆயினும் இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. மருந்துக் கடையிலேயே பிட்டத்தில் ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இடம் தவறிக் குத்தப்படும் ஊசி அதே சயாட்டிக் நரம்பையே காயப்படுத்திப் பாதத்தைத் தொங்கச் செய்துவிடக்கூடும் என்பதை அங்கே போகிறவர்கள் அறிந்திருப்பதில்லை.

முதுகில் நரம்பு வேருக்கு அருகே செலுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசிக்கு ஓர் இடம் உண்டு. உறக்கமே இல்லாத அளவுக்குக் கடுமையான வலி உள்ளவருக்கு அது சில வாரங்கள் ஓரளவு நிம்மதி தரலாம். நெடுங்காலப் பயன் அதிலிருந்து கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள்கள் சர்க்கரை ஏறும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி எங்கள் ஊர்களில் இரண்டு எதிரெதிர் நம்பிக்கைகள் நிலவுகின்றன. ஒன்று, முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும் என்பது. மற்றொன்று, எடுத்துவிட்டால் தொல்லை அன்றோடு ஒழிந்தது என்பது. இரண்டும் தவறு. இன்று செய்யப்படும் நுண்ணோக்கி வழி அறுவையில், நரம்பை அழுத்தும் துண்டு மட்டுமே அகற்றப்படுகிறது; வட்டு முழுவதும் எடுக்கப்படுவதில்லை; பெரும்பாலோர் ஓரிரு நாள்களில் எழுந்து நடக்கிறார்கள். கால் வலிக்கு இது நல்ல பலன் தரும், இடுப்பு வலிக்கு அந்த அளவு தராது. ஒரு சிலருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுங்குவதும் உண்டு. எப்போது செய்வது என்பதில்தான் அறிவு தேவைப்படுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடும் வலியோடு இருந்த 283 பேரை நெதர்லாந்தில் இரு குழுவாகப் பிரித்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவாகக் குறைந்தது; ஆனால் ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தார்கள். காத்திருந்த குழுவில் 39 விழுக்காட்டினர் பொறுக்க முடியாமல் அந்த ஆண்டுக்குள் அறுவைக்குச் சென்றார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுபுறம், நான்கு மாதங்களுக்கு மேல் வலி நீடித்த 128 பேரிடம் கனடாவில் நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆறாவது மாதத்தில் அறுவை செய்துகொண்டவர்களின் கால் வலி பத்துக்கு 2.8 ஆகவும், மற்றவர்களுடையது 5.2 ஆகவும் இருந்தது. ஆகவே முதல் மாதத்தில் அவசரப்படுவதும், நல்ல சிகிச்சைக்குப் பிறகும் வலி தீராத நிலையில் ஆண்டுக்கணக்கில் அஞ்சி ஒதுங்குவதும் நோயாளிக்கு நன்மை செய்வதில்லை. தினக்கூலியில் வாழும் ஒருவர், விரைவாக வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக இரண்டாம் மாதத்தில் அறுவையைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் நியாயமான முடிவே. அந்த முடிவை முழு விவரம் தெரிந்து, அச்சத்தால் தூண்டப்படாமல், அவரே எடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

காத்திருக்கவே கூடாத நிலைகள் சில உண்டு. இரு கால்களிலும் ஒரே நேரத்தில் வலியோ பலவீனமோ பரவுதல்; சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளுதல், அல்லது வந்தது தெரியாமல் கசிதல்; மலம் அடக்க முடியாமை; சைக்கிள் இருக்கையில் படும் உடற்பகுதி, அதாவது பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றியுள்ள பகுதி மரத்துப்போதல்; இல்லற உறவில் திடீரென உணர்வு குன்றுதல். இவற்றில் எது தோன்றினாலும், முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் குதிரை வால் போல் தொங்கும் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று ஐயுற்று, அதே நாளில், அது இரவாக இருந்தாலும், நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 வண்டியை அழைக்கத் தயங்கக் கூடாது. பாதம் தொங்கி, நடக்கும்போது விரல் தரையில் இடறுவதும், நாளுக்கு நாள் கூடும் பலவீனமும் விரைவான ஆலோசனையைக் கோருபவை.

தறியில் வேலை செய்த ஒரு பெண்மணியை என்னால் மறக்க முடியவில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர் அவர். ஒரு நாள் காலையிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. உடம்புச் சூடு என்று எண்ணி இளநீர் குடித்தார். தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டார். உட்காரும் இடம் மரத்திருந்ததைத் தன் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மருத்துவமனையில் ஆண் மருத்துவர் கேட்டபோதும் வலி காலில்தான் என்று சொல்லிவிட்டார். தனியே வைத்து ஒரு செவிலியர் கேட்ட பிறகே உண்மை வெளிவந்தது. அதற்குள் இரண்டு இரவுகள் கடந்துவிட்டன. அறுவை நடந்தது, கால் வலி நீங்கியது, நடை திரும்பியது. சிறுநீர்ப்பை மட்டும் திரும்பவில்லை. நாள்தோறும் பலமுறை தாமே குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் பயிற்சியை அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் செய்த பிழை எதுவும் இல்லை. இடுப்பு வலிக்காக அத்தனை இடங்களுக்கு அலைந்தபோது, ‘சிறுநீர் அடைத்தாலோ உட்காரும் இடம் மரத்தாலோ உடனே வா’ என்ற ஒரு வாக்கியத்தை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடப்படும் என்று தெரிந்திருக்கும் ஒரு செய்தியை, நோயாளி கேட்பதற்கு முன் நாம்தான் சொல்ல வேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகளையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நம் நாட்டில் கட்டாயம் நினைக்க வேண்டும். முன்பே புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு வலியையும், கீழே விழுந்த முதியவரின் வலியையும் ஆறு வாரம் பொறுக்கச் சொல்லக் கூடாது. இத்தகையோருக்குத்தான் ஸ்கேன் முதல் நாளிலேயே தேவை. இரு பாதங்களும் சமமாக எரிவது பெரும்பாலும் நீரிழிவின் விளைவு. அதைச் சயாட்டிகா என்று எண்ணி இடுப்புக்கு வைத்தியம் பார்ப்பதில் பயனில்லை.

அரசிடம் கேட்க விரும்புவது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. பக்கவாதத்தால் படுத்திருந்தவர்கள் பலர் அதனால் எழுந்து உட்கார்ந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதே சேவையை, வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இடுப்பு வலி, சயாட்டிகா நோயாளிகளுக்கும் உறுதியாகக் கிடைக்கச் செய்தால், வலி தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒருவர் காலைச் சோதித்து, வலுவைக் குறித்து, ஆபத்து அறிகுறிகளைச் சொல்லி அனுப்ப முடியும். வேலையை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்து, ஸ்கேனுக்காகக் கடன் வாங்கும் நிலை பலருக்கு நேராது. லாரி உரிமையாளர் சங்கங்களும் தறி உரிமையாளர்களும் தங்கள் பணியிடங்களில் இந்த அறிகுறிகளை எழுதி ஒட்டலாம்; அதற்கு ஒரு தாளும் பசையும் போதும்.

தங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. நரம்பு மண்டலக் கோளாறுகள் உள்ளிட்ட பல நோய்களுக்கு மருந்தால் குணம் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. ‘நிரந்தரத் தீர்வு’, ‘நூறு சதவீதம் குணம்’ என்ற உத்தரவாதத்தோடு வரும் டிஸ்க், சயாட்டிகா விளம்பரங்களை ஏற்குமுன் தங்கள் விளம்பரப் பிரிவு இச்சட்டத்தை நோக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மேலே குறிப்பிட்ட சிறுநீர், மரமரப்பு, இரு கால் பலவீனம் ஆகிய அறிகுறிகளை மட்டும், வெட்கத்துக்கு இடமில்லாத தெளிவான சொற்களில், பெண்கள் விரும்பிப் படிக்கும் பக்கத்தில் ஒரு கட்டமாக அவ்வப்போது வெளியிட்டால், அதற்குத் தேவையான வாசகத்தை மருத்துவர்களிடம் சரிபார்த்து எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.